மல்ச்சருக்குள்ள கை விடும்போது சாவி யார் பாக்கெட்ல இருக்கு?

மக்காச்சோளம் ஒடிச்ச காட்டுல தட்டையைக் கொளுத்தாம, டிராக்டர் பின்னாடி மல்ச்சர் மாட்டி அரைச்சு மண்ணுலயே விடுறாங்க. தென்னந்தோப்புல மட்டை, பருத்திக் காட்டுல மார், வரப்போர புல்லு, எல்லாத்துக்கும் அதே மெஷின். மண்ணுக்கு உரம், ஊருக்குப் புகை இல்லை. இளைப்போட வர்ற நோயாளிகளைப் பார்க்கிற அரசு மருத்துவரா, இந்த மெஷின் வந்ததுல எனக்கு சந்தோஷம்தான்.

அதே மெஷின்ல கையைக் கொடுத்துட்டு வர்றவங்களையும் நாங்கதான் பார்க்கிறோம். அதனால இந்த நீண்ட பதிவு. டிராக்டர் வச்சிருக்கவங்க, வாடகைக்கு எடுக்கிறவங்க, ஓட்டுறவங்க மூணு பேரும் படிங்க.

அடிபட்டவரைக் கொண்டு வந்ததும் கூட வந்தவங்க சொல்ற முதல் வார்த்தை, "டிரைவர் கவனக்குறைவு சார்". எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்லணும்னா முதல்ல அந்த மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும்.

டிராக்டர் பின்னாடி சுத்துற அந்தத் தண்டு பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுத்து. அதாவது நொடிக்கு 9. அதுல இருந்து ஒரு ஷாஃப்ட் மல்ச்சரோட கியர் பாக்ஸுக்குப் போகுது. அங்கிருந்து பெல்ட் வழியா ரோட்டாருக்கு. ரோட்டார்ல கத்தி இறுக்கி வெல்டிங் பண்ணியிருக்காது, போல்ட்ல தொங்கும். சுத்துற வேகத்துல அது விறைச்சு நின்னு தட்டையை அடிச்சு நொறுக்கும். கல்லு பட்டா மடங்கிக்கும். நல்ல யோசனை. ரோட்டார் வேகம் பெரும்பாலான மாடல்கள்ல நிமிஷத்துக்கு 2000 சுத்துக்குப் பக்கம்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. அந்த ஷாஃப்ட் 7 சென்டிமீட்டர் விட்டம்னு வச்சுக்கோங்க. ஒரு சுத்துக்கு 22 சென்டிமீட்டர். நொடிக்கு 9 சுத்துன்னா கிட்டத்தட்ட 2 மீட்டர். நாலு முழ வேட்டியோட மொத்த நீளமே அவ்வளவுதான். வேட்டி நுனி மாட்டி, "ஐயோ"ன்னு நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள முழு வேட்டியும் ஷாஃப்ட்ல சுத்தியிருக்கும். அதுக்கப்புறம் இழுக்கிறது உங்க உடம்பை. தோள்ல கிடக்கிற துண்டு, சேலை முந்தானை, துப்பட்டா, பின்னல், எல்லாத்துக்கும் இதே கணக்குதான். மனுஷனோட கை அனிச்சையா பின்னாடி இழுக்கவே ஏறக்குறைய கால் நொடி ஆகும். அதுக்குள்ள இரண்டு சுத்து முடிஞ்சிருக்கும். இதுல "கவனமா இருந்திருக்கலாம்"ன்னு சொல்றதுக்கு இடமே இல்லை.

அதனாலதான் கம்பெனிக்காரன் அந்த ஷாஃப்ட் மேல ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்புறான். ஷாஃப்ட் உள்ள சுத்தும், உறை சுத்தாம நிக்கணும். அதுக்காகத்தான் உறையில ஒரு சின்னச் சங்கிலி இருக்கும், அதை டிராக்டர்லயும் மல்ச்சர்லயும் மாட்டணும். உங்க ஊர்ல ஓடுற பத்து மெஷினைப் போய்ப் பாருங்க. எத்தனைல அந்த உறை முழுசா இருக்கு? சங்கிலியை விடுங்க, உறையே இருக்காது. கிராஸுக்கு கிரீஸ் அடிக்க இடைஞ்சல்னு ஒரு நாள் கழட்டுவாங்க. திரும்ப மாட்ட மாட்டாங்க. இல்லைன்னா லிஃப்ட்டை முழுசாத் தூக்கும்போது இடிச்சு உடைஞ்சிருக்கும், புதுசு வாங்கியிருக்க மாட்டாங்க.

இரண்டாவது வகை காயம்தான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. ரோட்டார்ல ஏதாவது சுத்திக்கும். நம்ம காடுகள்ல பெரும்பாலும் சொட்டுநீர்க் குழாய். ஓட்டுறதுக்கு முன்னாடி முழுசாச் சுருட்டி எடுத்திருக்க மாட்டாங்க, தட்டையோட அதுவும் உள்ள போய் நூல்கண்டு மாதிரி சுத்திக்கும். சாக்குக் கயிறு, கட்டுக்கம்பியும் அப்படித்தான். மெஷின் திணறும். டிரைவர் லிஃப்ட்டைத் தூக்கிட்டு, பி.டி.ஓ. லீவரை மட்டும் தள்ளிட்டு, இன்ஜினை ஓட விட்டுட்டு இறங்கிப் போய் கையை விடுவார்.

லீவரைத் தள்ளினதும் ரோட்டார் நிக்காது. கனமான இரும்பு, வந்த வேகத்துல இன்னும் கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். இன்ஜின் சத்தத்துல அது சுத்துறது காதுக்குத் தெரியாது. மறைப்புக்குள்ள இருக்கிறதால கண்ணுக்கும் தெரியாது. கை உள்ள போகும். கையுறையைக் கழட்டுற மாதிரி தோல் மொத்தமா உரிஞ்சு வந்த கையைப் பார்த்திருக்கீங்களா? டீகுளோவிங்னு எங்க பாஷையில சொல்வோம். பார்க்காம இருக்கிறதே நல்லது.

ஏன் இன்ஜினை ஆஃப் பண்ணலை? எங்க ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு டிரைவர்கிட்ட, காயம் ஓரளவு ஆறினதுக்கு அப்புறம், இதைத்தான் கேட்டேன். "மணி ஓடுது சார்"ன்னார். அவ்வளவுதான் பதில்.

மல்ச்சர் வாடகை மணிக்கணக்கு. மெஷின் நின்ன பத்து நிமிஷத்துக்கும் காசு கேட்டா காட்டுக்காரர் சண்டைக்கு வருவார். கேட்காம விட்டா முதலாளி டீசல் கணக்கு கேட்பார். நடுவுல மாட்டினவர் டிரைவர். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் அவர் ஓடுற இன்ஜினுக்குப் பின்னாடி கையை விடுறார். இதுக்கு "கவனக்குறைவு"ன்னு பேர் வச்சு நாம மூணு பேரும் கையைக் கழுவிட்டுப் போயிடுறோம்.

என் கருத்து இதுதான். சுத்தம் பண்ற நேரமும் வேலை நேரம்தான், அதுக்கும் வாடகை உண்டு. வண்டி காட்டுக்குள்ள இறங்கும்போதே காட்டுக்காரர் வாயைத் திறந்து இதைச் சொல்லணும். "மெஷின் மாட்டுச்சுன்னா இன்ஜினை நிறுத்திட்டு, சாவியை எடுத்துப் பாக்கெட்ல போட்டுட்டு, ரோட்டார் நின்னதைக் கண்ணால பார்த்துட்டு அப்புறம் எடுப்பா. அந்த நேரத்துக்கும் சேர்த்துக் காசு தர்றேன்." இந்த வார்த்தைக்கு ஆகுற செலவு ஒரு டீ, வடை காசுல இருந்து கொஞ்சம் கூட இருக்கும். அவ்வளவுதான்.

சாவி பாக்கெட்லன்னு ஏன் சொல்றேன்? ஒருத்தர் குனிஞ்சு கத்தி மாத்திட்டு இருக்கும்போது, இன்னொருத்தர் "நான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்"ன்னு ஏறி உட்கார்ந்துடுவார். பெரும்பாலும் வீட்டுப் பையன். யார் கை உள்ள இருக்கோ, சாவி அவர் பாக்கெட்ல இருக்கணும்.

லிஃப்ட்ல தூக்கி வச்ச மல்ச்சருக்கு அடியில தலையைக் கொடுக்கிறதும் இதே கதைதான். ஹைட்ராலிக் எப்ப இறங்கும்னு யாருக்கும் தெரியாது. தடிமனான கட்டையை அண்டக் கொடுத்துட்டுக் குனியுங்க.

மூணாவது, பறக்கிற கல். கத்தி நுனியோட வேகம் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல போகும். நம்ம வேகப்பந்து வீச்சாளர் போடுற பந்துக்கு முன்னாடி பேட்டோட ஹெல்மெட் போட்ட ஆள் நிக்கிறார். இங்க அதே வேகத்துல வர்ற ஜல்லிக்கு முன்னாடி, வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை நிக்குது. மல்ச்சர் முன்னாடி தொங்குற சங்கிலி, பின்னாடி இருக்கிற ரப்பர் மறைப்பு எல்லாம் இதுக்குத்தான். அது கிழிஞ்சா உடனே மாத்துங்க. ஓடும்போது 50 மீட்டருக்குள்ள ஆள் இருக்கக் கூடாது, ஆடு மேய்க்கிறவங்களும் சேர்த்துத்தான்.

"டாக்டர், பராமரிப்பு பத்தி நீங்க என்ன சொல்லப் போறீங்க, அது மெக்கானிக் வேலை"ன்னு கேட்கலாம். எனக்கு அது தடுப்பூசி மாதிரி. ஒரு கத்தி உடைஞ்சா அதை மட்டும் மாத்தாதீங்க, நேர் எதிர்ல இருக்கிறதையும் சேர்த்து மாத்துங்க. ஒரு பக்கம் கனம் கூடினா ரோட்டார் அதிரும். அதிர்ந்தா பேரிங் போகும், போல்ட் கழண்டு கத்தியே பறக்கும். கத்தியோட பழைய போல்ட், நட்டையே திரும்பப் போடாதீங்க. ரோட்டார் பேரிங்குக்கும் ஷாஃப்ட் கிராஸுக்கும் தினமும் காலையில வண்டியைக் கிளப்புறதுக்கு முன்னாடி கிரீஸ் அடிங்க. காலையில அடிச்சுட்டா, நடுக்காட்டுல கிறீச்னு சத்தம் வந்து இறங்க வேண்டிய தேவை இருக்காது. கியர் பாக்ஸ்ல ஆயில் அளவு, பெல்ட் தொய்வு, இரண்டையும் வாரம் ஒரு தடவை. பெல்ட் தொய்ஞ்சா மெஷின் அடிக்கடி அடைக்கும். அடைச்சா கை உள்ள போகும். பார்த்தீங்களா, எல்லாம் சுத்தி அங்கதான் வருது.

மெஷினைத் திருப்பும்போது பி.டி.ஓ. ஓட ஓட லிஃப்ட்டை உச்சத்துக்குத் தூக்காதீங்க. ஷாஃப்ட் மடங்கி கிராஸ் உடையும், உறையும் போகும்.

இதுக்கும் மேல விபத்து நடந்துட்டா?

முதல்ல இன்ஜினை நிறுத்துங்க. ரிவர்ஸ்ல சுத்தி எடுக்கப் பார்க்காதீங்க. துணியை அறுத்து ஆளை விடுவியுங்க. ரத்தம் வர்ற இடத்துல சுத்தமான துணியை மடிச்சு வச்சு, விடாம அழுத்துங்க. காபித்தூள், மஞ்சள், கரி, கிரீஸ் எதுவும் வேண்டாம். 108-க்குக் கூப்பிடுங்க.

விரலோ கையோ துண்டாயிட்டா, அதைத் தேடி எடுங்க. இது முக்கியம். நிறைய பேர் பதட்டத்துல காட்டுலயே விட்டுட்டு வந்துடுறாங்க. லேசா ஈரமாக்கின சுத்தமான துணியில சுத்தி, தண்ணி புகாத பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணிக்குள்ள வைங்க. ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, சதை கெட்டுப் போகும். விரலைவிட கை, முன்கை சீக்கிரம் கெடும், ஏன்னா அதுல தசை அதிகம். குளிர்ச்சி இல்லாம 6 மணி நேரம் போனா ஒட்ட வைக்கிறது ரொம்பக் கஷ்டம். நசுங்கிப் போன துண்டா இருந்தா ஒட்ட முடியாம போகலாம். அதை முடிவு பண்றது அறுவை சிகிச்சை மருத்துவரா இருக்கட்டும், நீங்க கொண்டு வாங்க. கை அறுவை சிகிச்சைக்குன்னே சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில தனித் துறை இருக்கு.

கண்ணுல கல் அடிச்சா கசக்காதீங்க, அழுத்தாதீங்க, தாய்ப்பால் விடாதீங்க. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணு மேல படாம கவிழ்த்து ஒட்டிட்டுக் கிளம்புங்க. மண் பட்ட காயம்னா, கடைசியா டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் ஆகியிருந்தா திரும்பப் போடணும்.

அடுத்தது, ஆஸ்பத்திரிக்கு வெளிய யாரும் பேசாத விஷயம். எங்ககிட்ட வந்ததும் விபத்துப் பதிவேட்டுல என்ன நடந்ததுன்னு எழுதுவோம். அப்ப பக்கத்துல நிக்கிற யாராவது "வீட்டுல வழுக்கி விழுந்துட்டார்னு போடுங்க சார், கேஸ் எதுக்கு"ன்னு சொல்வாங்க. அடிபட்டவரும் தலையாட்டுவார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீங்க. வேலையில அடிபட்டா இழப்பீடு கொடுக்கணும்ங்கிற சட்டத்துல, டிராக்டர் மாதிரி இயந்திரம் வச்சு விவசாய வேலை பார்க்கிறவங்களும் வர்றாங்க. 2 வருஷத்துக்குள்ள இழப்பீடு கேட்கலாம். ஆனா எங்க பதிவேட்டுல "வழுக்கி விழுந்தார்"னு இருந்தா, உங்க வக்கீல் என்ன செய்வார்? மெஷின்ல அடிபட்டதை மெஷின்லன்னே சொல்லுங்க. எந்த இடம், எத்தனை மணி, யார் வண்டி, எல்லாத்தையும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. கதிரடிக்கிற மெஷின்ல கைகள் போனதாலதான் 1983-ல ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மத்த விவசாய மெஷினையும் அறிவிப்பு மூலமா அதுக்குள்ள கொண்டு வர வழி அந்தச் சட்டத்துலயே இருக்கு. மல்ச்சரையும் ரோட்டவேட்டரையும் கொண்டு வரணும். 40, 50 சதவீதம் மானியம் கொடுத்து வாங்கித் தர்றீங்க, நல்லது. டெலிவரி அன்னிக்கு மெஷினை போட்டோ எடுக்கிற மாதிரி, ஆறு மாசம் கழிச்சு ஷாஃப்ட் உறையையும் ரப்பர் மறைப்பையும் ஒரு தடவை வந்து போட்டோ எடுங்க.

உங்க காட்டுக்கு வர்ற டிராக்டர் டிரைவரோட நம்பர் உங்ககிட்ட இருக்கும். இந்தப் பதிவை அவருக்கு வாட்ஸப்ல அனுப்புங்க. நிக்கிற நேரத்துக்கும் காசு உண்டுங்கிறதை நீங்களே கீழ டைப் பண்ணி அனுப்புங்க.