மாதவிடாய் நின்ற பெண்களின் தசை வலிமை: எங்கள் நிலைப்பாடு

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண் ஒருவர், ‘கை காலெல்லாம் அசதியா இருக்கு, மாடிப்படி ஏற முடியலை’ என்று சொன்னால், சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வீட்டிலோ ‘வயசாச்சுல்ல’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றைப் பார்ப்பதுபோலவே அவருடைய தசை வலிமையையும் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துகிறோம்.

ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகள் தசை நார்களிலும் உண்டு. உழைப்பில் நைந்த தசையைச் செப்பனிடும் செல்கள் குன்றாமலிருக்க அந்த ஹார்மோன் உதவுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் அது சரியும்போது தசை மெலிந்து கொழுப்பு கூடுகிறது. மொத்த எடை பெரிதாக மாறாவிட்டால் எடை பார்க்கும் இயந்திரத்தில் இது தெரியாது. மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் நிற்கும் மாதவிடாய், இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் சில நாள்களிலேயே அடியோடு இறங்கிவிடும். முப்பதுகளில் அந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்ணுக்குத்தான் முதல் கவனம் வேண்டும்.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்ல வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்கிறது ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019இல் வகுத்த வரையறை. கைப்பிடி வலிமை பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போவதும் எச்சரிக்கைதான்.

‘நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறாளே, தனியாக எதற்கு உடற்பயிற்சி?’ என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டு வேலை உடம்பைக் களைப்பாக்குகிறது. ஆனால் அதே குடம், அதே துணி வாளி என்று சுமை கூடாமலே இருப்பதால் தசை வலுப்பெறுவதில்லை. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது என்று தொடங்கி மெல்ல மெல்லச் சுமையைக் கூட்டலாம். அந்த நேரத்தில் அடுப்படியை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

பயிற்சியோடு உணவில் போதிய புரதமும் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 55 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம். தட்டு நிறையச் சோறும் நீர்த்த சாம்பாரும் இதைத் தராது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. சுண்டல், பாசிப்பயறு, தயிர், மீன் ஆகியவை எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சுவதாக இல்லாமல், அவருக்கென்று எடுத்துவைத்ததாக இருக்க வேண்டும்.

தசைக்காக மட்டும் ஹார்மோன் சிகிச்சை எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. உடல் தகிப்பு போன்ற தொல்லைகளுக்கு அது தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீடு தேடிச் சென்று இயன்முறைச் சிகிச்சையும் தந்து வருகிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் போகும்போதே இந்த நாற்காலிச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். சினைப்பைகளை எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கொடுக்கும் சீட்டிலேயே தசைப் பயிற்சி எழுதித் தரப்பட வேண்டும் என்றும் கோருகிறோம்.