பல்லாங்குழியும் ஒரு மணி நேரமும்: சிங்கப்பூர்த் தமிழ் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளில் பலருக்கு, வெறும் சொல்லால் நடக்கும் பாடம் எளிதில் எட்டுவதில்லை. மூன்றும் இரண்டும் ஐந்து என்று பத்து முறை கேட்டும் பிடிபடாத பிள்ளை, பல்லாங்குழியில் மூன்று புளியங்கொட்டை போட்டு, மேலும் இரண்டு போட்டு, தானே எண்ணிப் பார்க்கும்போது பிடித்துக்கொள்வதுண்டு. விளையாட்டு, உடலசைவு, கைவேலை ஆகிய மூன்றின் வழியாகக் கற்பிக்கும் முறை இந்த அனுபவத்திலிருந்து வளர்ந்தது. இதற்கு வேண்டிய பள்ளிகளும் வல்லுநர்களும் சிங்கப்பூரில் உண்டு. இதற்கு உகந்த விளையாட்டும் கைத்திறனும் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்புதான் குறைவு. அந்த வாய்ப்பைப் பெருக்கும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொள்வதே இந்த வேண்டுகோளின் நோக்கம்.

இந்த முறை புதியதன்று. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1900ஆம் ஆண்டை ஒட்டி ரோம் நகரில், படிப்பு ஏறாது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தொட்டும் அடுக்கியும் பொருத்தியும் கற்கும் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். அங்கே பயன் தந்தவற்றைத்தான் 1907இல் மற்றப் பிள்ளைகளுக்கும் கொண்டுசென்றார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்; போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கினார். இன்று பாலர் பள்ளிகளில் காணப்படும் மர உருளைகளின் மூலத்தைத் தேடிப்போனால், அது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் வகுப்பறையில் போய் நிற்கும்.

சிங்கப்பூரில் இப்பிள்ளைகளுக்கான அமைப்புகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கான சங்கம் 1957இல் தோன்றியது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கான மைண்ட்ஸ் அமைப்பு 1962இலும், ஏபிஎஸ்என் அமைப்பு 1976இலும் தொடங்கின. மதியிறுக்கம் உள்ள மாணவர்களுக்கான பாத்லைட் பள்ளி 2004இல் திறக்கப்பட்டது. 2003இல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு முதலில் விலக்கு அளித்திருந்தது. 2019 முதல், மிதமான அல்லது கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் அச்சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளுக்கு ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம் இருக்கிறது. பிள்ளையின் வளர்ச்சியில் ஐயம் எழுந்தால் பலதுறை மருந்தகத்தில் காட்டலாம். அங்கிருந்து, தேவைப்பட்டால், கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். அந்த மருத்துவமனை லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது.

பள்ளி நேரத்தைச் சட்டமும் கல்வி அமைச்சும் பார்த்துக்கொள்கின்றன. மாலையும் வார இறுதியும் பள்ளி விடுமுறையும் வீட்டின் பொறுப்பு. அக்கம்பக்கமும் உறவும் கைகொடுக்க வேண்டிய நேரமும் அதுவே.

மூன்று வழிகளில் முதலாவது உடலசைவு. உட்காரச் சொன்னால் உட்காராத பிள்ளையை அடங்காத பிள்ளை என்று சொல்லிவிடுவது வழக்கம். உடலின் நிலையை மூளைக்குச் சொல்பவை உட்காதும், தசைகளும், மூட்டுகளும். அவை அனுப்பும் செய்தி சில பிள்ளைகளுக்குப் போதிய அளவில் பதிவதில்லை; சிலருக்கு அளவுக்கு மீறிப் பதிகிறது. முதல் வகைப் பிள்ளை ஆடுவதும் குதிப்பதும் அந்தச் செய்தியைத் தேடித்தான். தள்ளுதல், இழுத்தல், சுமத்தல் போன்ற, தசைக்கு வேலை தரும் செயல்களைப் பாடத்துக்கு முன் சிறிது நேரம் செய்தால் சில பிள்ளைகள் அமைதியடைகிறார்கள். இதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது தள்ளுவண்டியைப் பிள்ளை தள்ளலாம். வீட்டில் சப்பாத்தி மாவு பிசையலாம். துவைத்த துணிக் கூடையை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு இழுத்துப் போகலாம்.

பாண்டி விளையாட்டும் இவ்வகையில் சேரும். தரையில் நிறமுள்ள ஒட்டுநாடாவால் கட்டம் போட்டுவிட்டால் அடுக்குமாடி வீட்டின் கூடமே ஆடுகளம். தொடக்கத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் இரு காலையும் ஊன்றி நடந்தால் போதும். அடுத்து இரு காலால் குதிக்கலாம். பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் நொண்டுவது அதற்கும் பிறகு. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குக் கட்டத்தை அகலமாகப் போட்டு, சொன்ன எண்ணில் வண்டியை நிறுத்தச் சொல்லலாம். விதியைப் பிள்ளைக்கு ஏற்ப வளைப்பதால் விளையாட்டு கெட்டுப்போவதில்லை. போச்சியா என்ற பந்து விளையாட்டு இதற்கு நல்ல சான்று. வெள்ளைப் பந்துக்கு அருகே தம் பந்தைக் கொண்டுசேர்ப்பதே அதன் சாரம். கோலி ஆடியவர்களுக்கு உடனே புரியும். கையால் எறிய முடியாதவர் காலால் தள்ளலாம். அதுவும் முடியாதவர் சரிவுப் பலகையில் உருட்டிவிடலாம். 2024 பாரிஸ் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் ஜெரலின் டான் வெள்ளிப் பதக்கம் வென்றது இந்த விளையாட்டில்தான்.

இரண்டாவது வழி, விதியோடு கூடிய விளையாட்டு. பல்லாங்குழிப் பலகையில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். ஒரு குழியிலிருந்து அள்ளிய காய்களை அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஒரு குழிக்கு ஒரு காய் என்பதில் எண்ணிக்கையின் அடிப்படை இருக்கிறது. உள்ளங்கையில் மற்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு காயை மட்டும் விரல் நுனிக்கு நகர்த்துவது, பின்னாளில் பென்சில் பிடிக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் தேவைப்படும் அதே திறன். எதிரில் இருப்பவர் ஆடி முடிக்கும்வரை காத்திருப்பது மற்றொரு பாடம். பல பிள்ளைகளுக்கு அதுதான் மிகக் கடினம். ஆகவே முழு ஆட்டத்தையும் முதல் நாளே கற்பிக்கக் கூடாது. இரண்டு குழி, நான்கு காய் என்று தொடங்கலாம். முறை யாருடையது என்பதைக் காட்ட ஒரு சிவப்பு அட்டையைக் கைமாற்றிக்கொள்ளலாம். மலாய்க் குடும்பங்களின் சொங்காக் பல்லாங்குழிக்கு உறவான ஆட்டம் என்பதால், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வது எளிது.

அஞ்சாங்கல்லுக்குச் சிங்கப்பூரில் ஒரு மாற்றுருவம் உண்டு. இங்கே அது கல்லாக இல்லாமல், மணலோ அரிசியோ பயறோ அடைத்த சிறு துணிப் பைகளாகக் கிடைக்கிறது. விழுந்தால் உருண்டோடாது, கையில் பட்டால் வலிக்காது. விரல்களை முழுதாக மடக்க முடியாத பிள்ளைக்குப் பையைச் சற்றுப் பெரிதாகத் தைத்துக் கொடுக்கலாம். மேலே எறிந்து பிடிக்க முடியாதவர், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாலே அது ஓர் ஆட்டம்தான்.

மூன்றாவது வழி கைவேலை. கேம்பல் லேனிலும் பஃபலோ சாலையிலும் பூக்கடை வைத்திருப்போர் நாள்தோறும் செய்யும் வேலை, கைத்திறன் பயிற்சிக்குத் தேர்ந்த பாடம். கோத்தல், கட்டுதல், தொடுத்தல் என்று தமிழில் வழங்கும் சொற்களே கடினத்தின் படிகளையும் காட்டிவிடுகின்றன. முனை மழுங்கிய பெரிய ஊசியில் செவ்வந்தியைக் கோப்பது எளிது. மல்லிகையை நூலில் கட்டுவது கடினம். இரு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்தாக வேண்டும். இடக்கை பூக்களைக் காம்போடு காம்பு சேர்த்துப் பிடித்திருக்கும். வலக்கை நூலைச் சுற்றி, வளையமாக்கி, நுழைத்து, இறுக்கும்.

இந்த வேலையைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பது நல்லது. பெரியவர் பூவை வைத்து, நூலைச் சுற்றி, வளையத்தையும் போட்டுவிட்டு, இறுக்கும் இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுவார். பிள்ளை இழுத்ததும் முடிச்சு விழும். வேலையை முடித்த கை பிள்ளையுடையதாக இருக்கும். அது பழகிய பிறகு கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. தொடக்கத்திலிருந்து கற்பித்தால் பிள்ளை ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோகும். பின்னோக்கிக் கற்பித்தால் ஒவ்வொரு முறையும் முடித்துவிட்ட நிறைவு கிடைக்கும். காலணி நாடா கட்டுவதற்கும் சட்டை மடிப்பதற்கும் இதே முறை பொருந்தும்.

கோலம் கண்ணையும் கையையும் இணைக்கிறது. தட்டில் மணல் பரப்பி விரலால் இழுப்பது முதல் படி. மூன்று புள்ளியைச் சுற்றி ஒரு கோடு போடுவது அடுத்தது. பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, அட்டையில் பசை தடவி அரிசியைப் புள்ளியாக ஒட்டிக் கொடுத்தால் விரலே கண்ணாகும். பள்ளி வயதைக் கடந்த பிறகும் கைவேலை துணைவரும். மதியிறுக்கம் உள்ளோர் வரைந்த ஓவியங்களைப் பைகளிலும் கோப்பைகளிலும் அச்சிட்டு விற்கும் திட்டத்தைப் பாத்லைட் பள்ளி நடத்திவருவது இதற்கு எடுத்துக்காட்டு.

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு பயன் மொழி. சிறப்புக் கல்விப் பள்ளிகளில் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. பாட்டி தாத்தாவோ தமிழில் பேசுகிறார்கள். இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிவிடும் என்ற அச்சத்தில் சில வீடுகளில் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. மேலே, கீழே, போடு, எடு, உன் முறை, என் முறை என்ற சொற்கள் கையின் செயலோடு சேர்ந்து வருவதால் விளையாட்டில் எளிதாகப் பதிகின்றன.

சில எச்சரிக்கைகளும் தேவை. விளையாட்டு எந்தக் குறைபாட்டையும் குணப்படுத்துவதில்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்போரிடம் விழிப்பாக இருக்க வேண்டும். பேச்சு, செயல்முறை, உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்கள் சொல்வதற்கு இது துணை, மாற்று ஆகாது. பொருளை வாயில் போடும் பழக்கமுள்ள பிள்ளையிடம், கழிவறைத் தாள் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் அளவுள்ள எதையும் கொடுக்கக் கூடாது. சிங்கப்பூரின் பூங்காக்களில் பொறுக்கும் சாகா விதை, தமிழில் மஞ்சாடி, முழுதும் சிவப்பாக இருக்கும். கருப்புப் புள்ளியோடு சிவந்திருப்பது குன்றிமணி. அது கொடிய நஞ்சு. விளையாட்டுப் பையில் அதற்கு இடமே இல்லை. மாவின் பிசுபிசுப்பையோ பூவின் மணத்தையோ பொறுக்க முடியாத பிள்ளைகளும் உண்டு. அவர்களை வற்புறுத்தாமல் வேறு பொருளைத் தேட வேண்டும். கண்ணைக் கட்டும் ஆட்டங்கள் சிலரை அச்சுறுத்தும். முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இவற்றைக் கருத்தில் கொண்டு, சமூகத்தின் முன் வைக்கப்படும் கோரிக்கைகள் ஐந்து.

முதலாவது, பூக்கட்டவும் கோலம் போடவும் பல்லாங்குழி ஆடவும் அறிந்த மூத்தோர், வாரத்தில் ஒரு மணி நேரத்தை உறவிலோ அண்டை வீட்டிலோ உள்ள ஒரு பிள்ளைக்கு ஒதுக்க வேண்டும். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்றிருந்தால் பிள்ளைக்கு அது பழகும்.

இரண்டாவது, லிட்டில் இந்தியாவின் கடைக்காரர்கள், கூட்டம் குறைந்த வாரநாள் காலையில் இப்பிள்ளைகளை வரவேற்க வேண்டும். ஒலிபெருக்கியின் சத்தத்தைச் சற்றுக் குறைப்பதும், ஓரமாக ஒரு நாற்காலி போடுவதும், சில்லறையை எண்ணிக் கொடுக்கப் பிள்ளைக்கு நேரம் தருவதும் போதும். ஞாயிறு மாலையின் கூட்டத்தையும் தீபாவளிச் சந்தையின் இரைச்சலையும் தாங்க முடியாத பிள்ளைக்குத் தேக்கா அந்தக் காலை வேளையில்தான் வசமாகும்.

மூன்றாவது, ஆலயங்களும் சமூக மன்றங்களும் தமிழ் அமைப்புகளும், பொங்கலுக்கும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கும் நடத்தும் பாரம்பரிய விளையாட்டு நிகழ்ச்சிகளில் இப்பிள்ளைகளுக்கு இடம் வைக்க வேண்டும். தனி நாள் வேண்டியதில்லை. அதே நிகழ்ச்சியில் அமைதியான ஓர் அறையும், சக்கர நாற்காலி செல்லும் வழியும், நிகழ்ச்சி நிரலைப் படமாகக் காட்டும் ஓர் அட்டையும் போதுமானவை.

நான்காவது, மற்றப் பிள்ளைகளின் பெற்றோர், விளையாட்டுத் திடலில் இப்பிள்ளைகளைக் கண்டு தம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் சக்கர நாற்காலியில் உள்ளோரும் ஆடக்கூடிய திடல் இருக்கிறது. திடலை அரசாங்கம் கட்டிவிடலாம். கூட ஆட ஒரு தோழனையோ தோழியையோ அண்டை வீட்டார்தான் அனுப்ப முடியும்.

ஐந்தாவது எல்லாருக்கும் உரியது. பிள்ளை ஒரு காயை எடுக்கத் தடுமாறும்போது உதவ நினைத்துக் கை நீளும். அந்தக் கையைச் சற்றுப் பின்னிழுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காயை எடுத்துக் குழியில் போடப் பிள்ளைக்கு ஒரு நிமிடம் பிடிக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்கத்தான் மேலே சொன்ன ஒரு மணி நேரம் கேட்கப்படுகிறது.

இப்படிக்கு,
சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரும் அவர்களுக்குத் துணைநிற்கும் தொண்டூழியர்களும்,
சிங்கப்பூர்.