காரின் ஸ்பிரிங்கும் எங்கள் முள்ளந்தண்டும்



பிள்ளைகளின் படிப்பு, காணி உறுதி, சீட்டுக்காசு, மனச்சுமை என்று பல விடயங்களை இந்தப் பக்கத்தில் நாங்கள் பேசியிருக்கிறோம். இம்முறை காரின் ஸ்பிரிங் பற்றி எழுதுகிறேன். பெண்களின் சஞ்சிகைக்கு இது எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் யுத்தத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும், உடம்பில் ஷெல் துண்டுகளைச் சுமப்பவர்களும் எங்கள் வீடுகளில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதும் பெரும்பாலும் பெண்களாகிய நாங்கள்தான். ஏ9 வீதி இன்று நன்றாக இருக்கலாம். அந்த வீதிக்கு வந்து சேரும் வரை கிரவலும் கிடங்குமாகக் கிடக்கும் உள்வீதிகளில் எத்தனை குலுக்கல் என்பது போய் வருபவர்களுக்குத்தான் தெரியும்.

வன்னியில் நான் அடிக்கடி சந்திக்கும் ஒரு சகோதரியின் கணவருக்கு 2009 ஆம் ஆண்டு ஷெல் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இந்த அக்கா கோழி வளர்த்து, சீட்டுப் பிடித்து, பழைய சிறிய கார் ஒன்றை வாங்கினார். கணவரைக் கிளினிக்குக்குக் கொண்டு போவார். மற்ற நாட்களில் அயலவர்களுக்கு வாடகைக்கு ஓடுவார். சந்தைக்கு மரக்கறி மூட்டைகளும் ஏற்றுவார். குடும்பத்தின் சீவியம் அந்தக் காரில்தான் ஓடியது.

ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்: "மிஸ், கிளினிக்குக்குப் போட்டு வந்து பாத்தால் இவருக்குப் பின்பக்கம் சிவந்து கிடக்குது. நோகுதோ எண்டு கேட்டால் அவருக்குத் தெரியாது. கார்தான் துள்ளுது."

அந்தச் சிவப்பு அழுத்தப் புண்ணின் ஆரம்பமாக இருக்கலாம். உணர்வுள்ள ஒருவர் நோவு வந்தவுடன் அசைந்து இருப்பார். உணர்வில்லாதவருக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. ஓரிடத்திலேயே அழுத்தம் இருக்கும்போது அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது. குலுக்கலால் தோல் ஆசனத்தோடு உரசுகிறது. கவனிக்காமல் விட்டால் புண் எலும்பு வரைக்கும் போகும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. ஆறுவதற்கு மாதக் கணக்கில் குப்புறப் படுக்க வேண்டி வரும். அந்த மாதங்களில் பராமரிப்பவரின் உழைப்பும் நின்றுவிடும்.

அக்கா காரை ஒரு கராஜுக்குக் கொண்டு போனார். "ஸ்பிரிங் இருந்துபோச்சு. மொத்தக் கம்பி ஸ்பிரிங் போட்டால் எவ்வளவு பாரமும் ஏத்தலாம், கார் உயர்ந்தும் நிக்கும்" என்று அங்கே சொன்னார்கள். சீட்டுக்காசு கைக்கு வரும் மாதம் அது. மூட்டை கூட ஏற்றலாம் என்றால் வருமானமும் கூடும். ஆனாலும் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "பாரம் தாங்குறதும் குலுங்காமல் போறதும் ஒண்டோ மிஸ்?" என்று கேட்டார். மிக நல்ல கேள்வி அது. விடை தேடி விபரம் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் இருவருமாகப் போய்க் கேட்டோம். அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்கிறேன்.

அல்ட்டோ போன்ற சிறிய கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் சுருள் ஸ்பிரிங்தான் இருக்கிறது. காரின் பாரத்தைத் தாங்குவதும், கிடங்கில் சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த அசைவை உள்வாங்குவதும் ஸ்பிரிங்கின் வேலை. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவது சொக் அப்சோபரின் வேலை. அதற்குள் இருக்கும் ஒயில் சிறு துவாரங்களால் மெதுவாகப் போய் வருவதால் துள்ளல் அடங்குகிறது. ஸ்பிரிங் நல்லதாக இருந்து சொக் அப்சோபர் பழுதானால் கார் படகு போல ஆடும். சொக் அப்சோபர் நல்லதாக இருந்து ஸ்பிரிங் தளர்ந்தால் கார் தாழ்ந்து, கிடங்கில் விழும்போது உள்ளே இருக்கும் றப்பர் கட்டையில் போய் இடிக்கும். அந்த இடி நேராக முதுகில் ஏறும்.

மொத்தக் கம்பி ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது எவ்வளவு விறைப்பாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சுருளின் அகலமும் சுற்றுக்களின் எண்ணிக்கையும் மாறாமல் கம்பியின் தடிப்பை மட்டும் 10 மில்லிமீற்றரிலிருந்து 11 மில்லிமீற்றராகக் கூட்டினால், ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும். மூட்டை ஏற்றிய நாளில் அது பொருத்தமாக இருக்கும். கணவர் மட்டும் ஏறிப் போகும் நாளில் ஒவ்வொரு கல்லும் உடம்பில் தெரியும். ஸ்பிரிங்கின் சுற்றுக்களை வெட்டிக் குறைப்பதும், சுற்றுக்களுக்கு நடுவே றப்பர் செருகுவதும் அதே விறைப்பைத்தான் தரும்.

இந்தப் பழக்கம் எங்களிடம் எப்படி வந்தது என்று நான் யோசித்ததுண்டு. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 கார்களை மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றின் பின்பக்கத்தில் தகட்டு வில்லுகள்தான் இருந்தன. பாரம் கூடினால் இன்னொரு தகடு சேர்ப்பார்கள். ஆட்களோடு விறகும் மூட்டையும் ஏற்ற வேண்டியிருந்த காலத்தில் அது தேவையாகவும் இருந்தது. அன்றைக்குப் பாரம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். நோயாளியின் தோலைப் பற்றி யோசிக்க வசதி இருக்கவில்லை.

சுகமான பயணத்தை முதலாவது தேவையாக வைத்து உருவாக்கிய சிறிய கார்களும் உண்டு. பிரான்சின் சிற்றோயென் நிறுவனம் 1948 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் 2சீவீ என்ற காரை அறிமுகப்படுத்தியது. அதை வடிவமைத்தவர்களுக்கு இடப்பட்ட கட்டளைகளில் ஒன்று, உழுத வயலுக்குள்ளால் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டு போக வேண்டும் என்பது. அவர்கள் மென்மையான, நீண்ட தூரம் அமுங்கக்கூடிய ஸ்பிரிங்குகளைப் போட்டார்கள். ஏழை விவசாயிகளுக்காகச் செய்த மலிவான கார் அது. சுகமான பயணம் பணக்காரருக்கு மட்டும் உரியது அல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அதற்காக மிக மென்மையான ஸ்பிரிங்கைத் தேடிப் போடுவதும் சரியல்ல. நான்கு பேர் ஏறியவுடன் அது அடியில் போய் இடிக்கும், வளைவில் கார் சாயும். அந்தக் காருக்கென்று கம்பனி குறித்த அளவிலான ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான நல்ல சொக் அப்சோபருமே நடுவழி.

அக்காவின் காரைப் பார்த்தபோது பின் சொக் அப்சோபர்கள் இரண்டிலும் ஒயில் கசிந்திருந்தது. றப்பர் கட்டைகள் வெடித்திருந்தன. ஸ்பிரிங் ஒன்று மற்றதை விடத் தாழ்ந்திருந்தது. ரயர்களில் காற்று அளவுக்கு மிஞ்சி இறுக்கமாக இருந்தது. கம்பனி அளவில் ஒரு சோடி ஸ்பிரிங், ஒரு சோடி சொக் அப்சோபர், புதிய றப்பர்கள் என்று முடிவெடுத்தார். கூடவே, இனிமேல் மூட்டை ஏற்றுவதில்லை என்றும் முடிவெடுத்தார். மாத வருமானத்தில் அது சின்ன இழப்பல்ல. வீட்டில் மாமியாருக்கும் அதில் விருப்பமில்லை. "மூட்டை ஏத்தினால் காசு வரும் மாமி. இவருக்குப் புண் வந்தால் வந்த காசும் போகும், நானும் ஆஸ்பத்திரியில கிடக்க வேணும்" என்று அவர் சொன்ன பதிலில் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு முழுவதும் இருந்தது.

இப்போது குலுக்கல் நன்றாகக் குறைந்திருக்கிறது. தோல் சிவப்பதும் குறைந்திருக்கிறது. ஆனால் ஸ்பிரிங் மாற்றியது மட்டும் அதற்குக் காரணமல்ல. மெத்தையும் இடையிடையே இறங்கிக் கவனிப்பதும் சேர்ந்துதான் அந்தப் பலனைத் தந்தன.

கார், முச்சக்கர வண்டி வைத்திருக்கும் சகோதரிகளும் வாடகைக்குப் பிடிப்பவர்களும் கவனிக்க வேண்டியவை சில:

முதலில் செலவில்லாத காரியம். ரயர் காற்றைப் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் சாரதியின் கதவடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். ரயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். காற்று கூடினால் குலுக்கல் கூடும்.

காரின் ஒரு மூலையைக் கையால் பலமாக அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழும்பி அடங்கினால் நல்லது. மூன்று நான்கு தடவை ஆடினால் சொக் அப்சோபரைக் காட்டுங்கள். சமதரையில் நிறுத்தி இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பிரிங்கையும் சொக் அப்சோபரையும் இடமும் வலமும் சோடியாகவே மாற்ற வேண்டும். முன்பக்கத்தில் வேலை செய்தால் வீல் எலைன்மென்ட் பார்ப்பது அவசியம். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிரையே எடுக்கும். அதனை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாத இடத்தில் கழற்ற விடாதீர்கள்.

பாவித்த உதிரிப்பாகம் வாங்கும்போது ஒயில் கசிவு, துரு, வெடிப்பு என்பவற்றைப் பாருங்கள். 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓடினோம். அப்படி ஓடிய வாகனத்துக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம் தேவை.

உணர்வில்லாதவரைப் பின்சக்கரத்துக்கு மேலே இருத்தாமல், முடிந்தால் முன் ஆசனத்தில் இருத்துங்கள். அங்கே குலுக்கல் குறைவு. அவருக்கென்று கொடுக்கப்பட்ட மெத்தையைக் காரிலும் பாவியுங்கள். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை வேண்டாம். பின் பொக்கற்றில் பணப்பை, திறப்பு, சில்லறை இருக்கக்கூடாது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை காரை நிறுத்தி, ஒன்றிரண்டு நிமிடம் உடம்பை உயர்த்தியோ சரித்தோ அழுத்தத்தை எடுத்து விடுங்கள். வீட்டுக்கு வந்தவுடன் தோலைப் பாருங்கள். சிவப்பு மறையாவிட்டால் அந்த இடத்தில் பாரம் படாமல் படுக்க வைத்து, தாமதிக்காமல் தாதியிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. கராஜில் ஒரு பெண் நின்று கேள்வி கேட்டால் "அக்காவுக்கு உது விளங்காது" என்று சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விளங்காததை விளங்கப்படுத்துவது காசு வாங்குபவரின் கடமை. கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். போடப்போவது என்ன அளவு, ஏன் அது என்று கேளுங்கள். துண்டு எழுதி வாங்குங்கள். யுத்தத்துக்குப் பிறகு மாவீட்டுக் கணக்கிலிருந்து காணி அலுவல் வரைக்கும் தனியாகக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். ஒரு காரின் அடியில் குனிந்து பார்த்துக் கேள்வி கேட்பது அதைவிடக் கடினமான காரியம் அல்ல.

அடுத்த இதழில் சந்திப்போம்.