உருண்டைப் பிடியை மாற்றுங்கள்

கேமரன் மலையின் தானா ராத்தாவில் ஓர் அலுவலக வாசலில் புதிதாகச் சாய்தளம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இந்த வாரம் ஆசையாகப் போய்ப் பார்த்தேன். சக்கர நாற்காலிப் படம் பளிச்சென்று இருக்கிறது. சாய்தளம் முடியும் இடத்தில் கனத்த கண்ணாடிக் கதவு. குளிர் உள்ளே வரக் கூடாதென்று டோர் குளோசரை இறுக முடுக்கிவிட்டிருக்கிறார்கள். நானே தோள் கொடுத்துத்தான் தள்ளினேன். சக்கர நாற்காலியில் வருபவர் என்ன செய்வார்? அமெரிக்காவில் உள்கதவைத் தள்ள 5 பவுண்டு விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது என்று விதியே உண்டு. நம் மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுக் கட்டடங்களைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. மீறுவோருக்குத் தண்டனை எதுவும் வைக்கவில்லை.

உள்ளே போனதும் அந்தக் கண்ணாடிக் கதவே மறந்துபோனது. கழிப்பறைக் கதவில் உருண்டைப் பிடி! அதன்மேல் எனக்குத் தீராத கோபம். அதன்முன் ஒரு பாட்டி நின்றிருந்தார். தோட்டத்தில் கொழுந்து கிள்ளியே வயதானவர். விரல் முட்டிகள் வீங்கிக் கோணியிருந்தன. முந்தானையைப் பிடியில் சுற்றி, இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் திருகினார். வழுக்கியது.

"வெரலு மடங்க மாட்டேங்குதுய்யா, கொஞ்சம் தொறந்து விடு."

1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து இந்த மலைக்குப் பேரும் பணமும் தேடித் தந்தவை இப்படிப்பட்ட கைகள். இந்தத் தொழிலாளர்களில் பலரிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை இருக்காது. 'வயசாயிடுச்சு, அவ்வளவுதான்' என்று தாங்களே ஒதுங்கிக்கொள்வார்கள். வாசலில் ஒட்டிய படத்தில் இவர்கள் இல்லை. கதவுக்கு முன்னால் இருக்கிறார்கள்.

நீளக் கைப்பிடி வைத்தால் விரலே வேண்டாம். முஷ்டியால் அழுத்தலாம், முழங்கையாலும் அழுத்தலாம். கையில் பிள்ளையோ சாமானோ இருந்தாலும் திறக்கும். கனடாவின் வான்கூவர் நகரம் 2014 மார்ச் முதல் புதிய வீடுகளில் நீளக் கைப்பிடிதான் வேண்டும் என்று விதி செய்தது.

கடை, கோயில், பள்ளி, கிளினிக் நடத்துபவர்களே, உங்கள் கதவுகளை ஒருமுறை விரல்களை மடக்கி முஷ்டியால் மட்டும் திறந்து பாருங்கள். திறக்காத கதவின் பிடியை இந்த மாதமே மாற்றிவிடுங்கள். குளோசரையும் கொஞ்சம் தளர்த்துங்கள். பெரிய செலவில்லை; அரை நாள் வேலை.