சீட்டைப் பழிக்க வேண்டாம்

மேலைநாட்டுக் குடும்பங்களில் ‘ஸ்கல் கிங்’ என்ற கடற்கொள்ளையர் சீட்டாட்டம் பிரபலம். எத்தனை பிடி பிடிப்போம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; குறைந்தாலும் கூடினாலும் மதிப்பெண் போகும்.

இவ்வளவு எடுப்பேன் என்று முன்னரே சொல்லும் ‘கேள்வி’யோடு ஆடும் இந்தச் சுவை நமக்குப் புதிதல்ல. தமிழகத்திலும் இலங்கையிலும் ஆடப்படும் 304 அதற்குச் சான்று. நால்வர், எதிரெதிரே அமர்ந்தவர் கூட்டாளி, 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76 வீதம் நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. கையில் நான்கே சீட்டு வந்த நிலையில் கேள்வி தொடங்கிவிடும். அதிகம் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். எது இறங்கியது, எது மிச்சம் என்ற நினைவாற்றலும் கூட்டாளியின் மனமறிதலும்தான் இங்கே மூலதனம்.

ஆனால் சீட்டு என்றாலே சூதாட்டம் என்று முகம் சுளிக்கிறோம். அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2020 ஜூலையில் சீட்டாட்ட வழக்கொன்றை விசாரித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இணையச் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் தேவை என்றது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அவசரச் சட்டம் வந்தது.

குற்றம் பணயத்தில்தான், சீட்டில் இல்லை. மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு 304 கற்றுத்தர முன்வர வேண்டும்.