பலகை வெட்டும் கை, இயந்திரத்தையும் கட்டட்டும்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலும் துபாய் அல் கூஸிலும் கடைப் பலகை செய்யும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. அமீரகத்தில் கடைப் பலகையில் அரபி கட்டாயம். பலகை ஏற்ற பலதியாவின் (நகராட்சியின்) அனுமதியும் வேண்டும். கடை கைமாறினாலோ பெயர் மாறினாலோ பலகையைப் புதிதாகச் செய்தாக வேண்டும். அந்தப் பட்டறைகளில், கணினி சொல்லும் கோட்டில் சுழலும் பிட்டால் வெட்டும் சிஎன்சி ரவுட்டரின் முன்னே நிற்பவர்களில் நம்மவர்களும் உண்டு. ஷீட்டை மேசையில் இறுக்குவது, பிட் மாற்றுவது, ஃபைலை ஓடவிடுவது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இயந்திரம் நின்றுபோனால் மட்டும் டெக்னீஷியன் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே, பலகை வெட்டத் தெரிந்தவர் ஒரு சிறிய ரவுட்டரைத் தன் கையாலேயே ஒருமுறையாவது கட்டிப் பார்க்க வேண்டும். அதற்கான இடத்தையும் ஆசிரியரையும் தருவது வளைகுடாவிலுள்ள நம் அமைப்புகளின் கடமை என்பது என் உறுதியான கருத்து.

இது எட்டாத காரியமல்ல. 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் காட்சிக்கு வைத்த எண்கட்டுப்பாட்டு இயந்திரத்தை இயக்க, வெற்றிடக் குழாய்கள் நிறைந்த பெரிய அலமாரிகள் தேவைப்பட்டன. இன்று அந்த வேலையை உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ போர்டு செய்கிறது. அதில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் 2009 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மீதியெல்லாம் சந்தைப் பொருள்கள்: ஸ்டெப்பர் மோட்டார்கள், டிரைவர்கள், பவர் சப்ளை, அலுமினியச் சட்டம், ரெயில், ஸ்க்ரூ, தச்சர்கள் கையில் பிடிக்கும் சிறிய ரவுட்டர். கட்டும்போதுதான் கணக்கு பிடிபடுகிறது. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடியில் முடிக்கும். டிரைவரில் ஒவ்வோர் அடியையும் 16 துண்டாக்கினால் சுற்றுக்கு 3,200 துடிப்பு. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தினால், மில்லிமீட்டருக்கு 640 துடிப்பு. இந்த 640-ஐத் தானே கணக்கிட்டு ஏற்றி, 100 மில்லிமீட்டர் நகரவிட்டு அளந்து பார்த்தவருக்கு, பட்டறையின் பெரிய இயந்திரத்தில் வட்டம் ஏன் நீள்கிறது, எழுத்து ஏன் கோணுகிறது என்று தேடத் தெரியும். ஸ்க்ரூவில் ஆட்டமா, பெல்ட் தளர்ந்ததா, மோட்டார் அடி தவறுகிறதா என்று அவரே பார்ப்பார். கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு இயந்திரத்தைக் கற்றதும் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டித்தான்.

பலகைத் தொழிலில் இந்த அறிவுக்குக் கூடுதல் பயன் உண்டு. சுழலும் பிட்டால் கூரான உள்மூலையை வெட்ட முடியாது. 3 மில்லிமீட்டர் பிட், மூலையில் 1.5 மில்லிமீட்டர் ஆர வளைவை விட்டே தீரும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அது உறுத்தும். சுழியும் வளைவும் மிகுந்த தமிழில் அவ்வளவாகத் தெரியாது. அரபிக்கும் தமிழுக்கும் பொதுவான தொல்லை புள்ளி. அக்ரிலிக்கில் எழுத்தை வெட்டியெடுத்தால் புள்ளி தனித் துண்டாக விழும். அரபிச் சொல்லின் நடுவே அடியில் புள்ளி இருந்தால் 'பா'. அதையே மேலே ஒட்டினால் 'நூன்'. தமிழில் புள்ளி தொலைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழின் ஒற்றைக் கொம்பு இடம் மாறி உட்காரும். அரபி எழுத்துகள் சேராமல் உதிரியாக நிற்கும். வரைபவர் ஒருவர், வெட்டுபவர் வேறொருவர், ஒட்டுபவர் இன்னொருவர் என்று வேலை பிரிந்த இடத்தில் இப்பிழைகள் யார் கண்ணிலும் படாமல் சுவரேறிவிடுகின்றன. சொந்த ரவுட்டரில் மூன்றையும் ஒரே ஆள் செய்வதால், பிழை எங்கே பிறக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

வளைகுடா வேலை நிரந்தரமல்ல என்பதையும் மறக்கக் கூடாது. சவூதி 2011-ல் கொண்டுவந்த நிதாகத், உள்நாட்டவரை எவ்வளவு பேர் வேலைக்கு எடுத்தார்கள் என்பதைக் கொண்டு நிறுவனங்களைத் தரம் பிரித்தது. குவைத் 2021 தொடக்கத்தில், பட்டமில்லாத, 60 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவரின் வேலை அனுமதியைப் புதுப்பிப்பதை நிறுத்தி, பிறகு கட்டணத்தோடு தளர்த்தியது. ஊர் திரும்பும் ஆபரேட்டர் இன்னொரு முதலாளியின் இயந்திரத்தைத் தேட வேண்டியிருக்கும். கட்டத் தெரிந்தவரோ, உதிரிகளை வாங்கித் தன் ஊரிலேயே ஒன்றை நிறுத்திவிடலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின் 15-வது விதி, பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்கிறது; அறந்தாங்கியிலும் பரமக்குடியிலும் அதை அழகாகச் செதுக்கித் தர ஆள் வேண்டும்.

சீன இயந்திரம் மலிவாக வரும்போது கட்டுவானேன் என்று கேட்கலாம். தொழிலுக்கு வாங்குவதே சரி. 4-க்கு 8 அடி ஷீட்டை நாளெல்லாம் வெட்டும் வேலையைக் கையால் கட்டிய சிறிய இயந்திரம் தாங்காது. ஆனால் ஒன்றைக் கட்டியவர்தான் எதை வாங்குவது என்று தெரிந்து வாங்குவார். இதைவிடக் கனமான எதிர்ப்பு நேரத்தைப் பற்றியது. ஆறு நாள் உழைப்பவருக்குக் கிடைக்கும் ஒரு நாள், துணி துவைக்கவும் வீட்டோடு பேசவுமே போதாது. அதனால்தான் இதைத் தனியாள் தலையில் சுமத்தக் கூடாது. ஐந்தாறு பேர் சேர்ந்து மெதுவாகக் கட்டட்டும். பலர் உறங்கும் அறையில் ரவுட்டர் ஓட்டுவதோ நினைத்தும் பார்க்கக் கூடாதது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. எம்டிஎஃப் பலகையின் பசையிலுள்ள ஃபார்மால்டிஹைடும் பின்னர் அதே பட்டியலில் சேர்ந்தது. தூசு உறிஞ்சி இல்லாமல் பிட் சுழலவே கூடாது. அமீரகச் சட்டமும் தெளிவாக இருக்கிறது: உரிமம் இல்லாமல் ஆர்டர் எடுக்க முடியாது, அனுமதியின்றி வேறிடத்தில் வேலை செய்வது குற்றம். அரை திர்ஹம் வருமானம் வந்தாலும் விசாவுக்கே ஆபத்து. ஆகவே இது கல்வியாக மட்டுமே நடக்க வேண்டும்.

கல்விக்கு ஏற்ற கூரைகள் நம்மிடம் இருக்கின்றன. அபுதாபியில் இந்தியா சோஷியல் அண்ட் கல்ச்சுரல் சென்டர் 1967 முதல் இயங்குகிறது. ஷார்ஜாவில் பள்ளியே நடத்தும் இந்தியன் அசோசியேஷன் இருக்கிறது. முறையான அனுமதியோடு செயல்படும் இத்தகைய அமைப்புகள் ஓர் அறையை ஒதுக்கி, தூசு உறிஞ்சி பொருத்தி, தமிழில் சொல்லித்தர ஒருவரை அமர்த்தலாம். எம்ஐடியின் ஃபேப் லேப் என்ற பொதுப் பட்டறை, அமெரிக்காவைத் தாண்டி 2002-ல் முதலில் வந்து சேர்ந்த இடம் மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்து விக்யான் ஆசிரமம். அங்கே முடிந்தது ஷார்ஜாவில் முடியாததல்ல. ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடும் தமிழ்நாடு அரசு, இந்த அமைப்புகளில் இயந்திரம் கட்டி முடித்தவருக்கு ஒரு செய்முறைத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தர வேண்டும். ஊர் திரும்பி மாவட்டத் தொழில் மையத்தில் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தச் சான்றிதழ் அனுபவச் சான்றாக ஏற்கப்பட வேண்டும்.