வைக்கோலுக்கு ஒரு வண்டி

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பொட்டலம் சிப்பிக்காளான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாமா அழைத்தார்.

"குறுவை அறுத்தாச்சு மாப்ளே. மெஷின் அறுப்பு. வைக்கோல் வயலெல்லாம் சிதறிக் கிடக்கு. தாளடி நடவுக்குப் பத்து நாள்தான் இருக்கு. கொளுத்திடலாம்னு பாக்கறேன்."

நான் சிறுவனாக இருந்தபோது, கொல்லையில் நிற்கும் வைக்கோல் போரின் உயரம்தான் அந்த வீட்டின் அந்தஸ்து. இப்போது தொழுவத்தில் மாடு இல்லை. வைக்கோல் பாரமாகிவிட்டது.

எனக்கோ 2013 ஜூன் 21 நினைவுக்கு வந்தது. சுமத்ராவில் மூண்ட தீயின் புகையால் அன்று சிங்கப்பூரின் காற்றுத்தூய்மைக் கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. சிராங்கூன் சாலையில் முகக்கவசத்தோடு நடந்தவர்களில் நானும் ஒருவன்.

"கொளுத்தாதீங்க மாமா, அதுல எரிபொருள் இருக்கு" என்றேன்.

வைக்கோலில் உள்ள செல்லுலோஸ், சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலி. அதை அறுத்தால் சர்க்கரை. சர்க்கரையை ஈஸ்ட் எத்தனாலாக்கும். சங்கிலியை அறுக்கும் நொதியைச் சுரப்பது பூஞ்சை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் இற்றுப்போயின. காரணமான பூஞ்சைக்குப் பின்னாளில் ஆய்வாளர் எல்வின் ரீஸின் பெயரால் 'டிரைக்கோடெர்மா ரீசி' என்று பெயரிட்டார்கள். அன்று கூடாரத்தைத் தின்றதன் வாரிசுகள்தாம் இன்று ஆலைகளுக்கு நொதி தருகின்றன. ஹரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலையின் இலக்கு, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாமா சொன்னார்: "பானிப்பட்டுக்கு யாரு மாப்ளே வண்டி கட்டறது?"

நியாயம்தான். வைக்கோல் எடை குறைவு, அடைக்கும் இடமோ அதிகம். தூரம் கூடினால் வண்டிக்கூலி லாபத்தைத் தின்றுவிடும்.

டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூஞ்சைக் கரைசலைப் பற்றிச் சொன்னேன். தெளித்து, உழுது, ஈரம் காத்தால் வைக்கோல் வயலிலேயே மட்கும்.

"எத்தனை நாள் ஆகும்?"

"மூணு வாரத்துக்கு மேல."

"பட்டம் போயிடும்ப்பா."

கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். சிப்பிக்காளானும் வைக்கோலில் வளர்வதுதான். செல்லுலோஸைப் பூட்டி வைத்திருக்கும் லிக்னினையே அது சிதைக்கும். காளான் பறித்தபின் எஞ்சும் வைக்கோலைச் சாண எரிவாயுக் கலனில் போடலாம், எருவாக்கலாம். "பக்கத்துல காளான் போடறவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க மாமா" என்றேன்.

அடுத்த ஞாயிறு மாமாவே அழைத்தார். கட்டுக் கட்டும் இயந்திரம் ஒரு நாள்தான் கிடைத்ததாம். பாதி வைக்கோல் காளான் குடிசைக்குப் போய்விட்டது. "மீதியைக் கொளுத்திட்டேன், கோவிச்சுக்காதே மாப்ளே" என்றார்.

கோபம் வரவில்லை. பூஞ்சை தன் வேலையைச் செய்யத் தயாராக இருக்கிறது. அந்தப் பத்து நாளுக்குள் வயலுக்கு ஒரு வண்டி வர வேண்டும்.